இடப்பக்கம் ஒழுகும் துரு

"மூடாதே, இதோ வந்துடறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அண்ணன் படியிறங்கினான்.

மூட வேண்டாம் என்றது அவன் மேஜை மேலிருந்த கண்ணாடிக் குப்பியை. அதில் பாதியளவு துரு நிறச் சாயம் இருந்தது. பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு ஓர் இழுவைப் படகு. பெரிய கப்பல்களைக் கயிறு கட்டித் துறைமுகத்துக்குள் இழுத்து வருமே, அந்த வகைப் படகின் சிறிய மாடல். எல்லாம் முடிந்து புகைபோக்கி மட்டும் பாக்கி. அதற்கு ஹேர் ஸ்ப்ரே வேண்டும். டப்பா காலி.

தலையில் ஒற்றை முடிகூட இல்லாத மனிதன் விடாமல் ஹேர் ஸ்ப்ரே வாங்குவது எங்கள் தெருவில் பிரசித்தம். மூலைக் கடைக்காரம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பாள், "இந்த வாட்டியாவது பலன் தெரியுதா?" அண்ணனும் ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்வான், "வேர்ல இறங்கணும்லம்மா, டைம் எடுக்கும்."

அன்றும் அதைச் சொன்னானாம். கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே டப்பாவை எடுக்கத் திரும்பியிருக்கிறாள். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தபோது அவன் கல்லாப் பலகையில் தலை சாய்த்திருந்தான். நெஞ்சு நின்றுபோயிருந்தது.

அவன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்த வழக்கே அதில்தான் இருக்கிறது.

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டினால் புது டூத் பிரஷ் மாதிரி பளபளவென்று ஒரு படகு கிடைக்கும். அதைப் பல வருஷம் உப்புத் தண்ணீரில் உழைத்துத் தேய்ந்த இரும்பாக மாற்றுவதுதான் அண்ணனின் பைத்தியம். முதலில் துரு நிறம் பூசுவான். அதன்மேல் ஹேர் ஸ்ப்ரே. அதன்மேல் படகின் சொந்த நிறம். காய்ந்த பிறகு ஈரத் தூரிகையால் தேய்த்தால் நடுவிலிருக்கும் ஸ்ப்ரே இளகும், மேல் நிறம் செதில் செதிலாக உரியும், உள்ளேயிருந்து துரு எட்டிப் பார்க்கும். கை படுகிற கம்பிகளில் பென்சில் கரியைத் தேய்ப்பான், தேய்ந்த இரும்பு போல மினுங்கும். கடைசியாக, துருச் சாயத்தை நீர்க்கக் கரைத்து ஒவ்வொரு ஆணித் தலையிலும் ஒரு சொட்டு வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். சொட்டு தானாக வழிந்து மெல்லிய கோடாக இறங்கும்.

"துருவை நான் வரையறதில்ல. தண்ணிதான் வரையுது. நான் வெறும் மேற்பார்வை" என்பான்.

அவன் போன அன்று வீடு நிறைய ஜனம். எல்லாரும் கிளம்பிப் போய், வீடு ஓய்ந்த பிறகு பார்த்தால், மேஜை மேல் படகு இல்லை.

அண்ணிக்குத் தொழில் துப்பறிவது. வீட்டின் முன்னறைதான் ஆபீஸ், நான்தான் உதவியாளர், என் ஸ்கூட்டர்தான் கம்பெனி வாகனம். ஊரார் தொலைத்ததையெல்லாம் தேடிக் கொடுத்துவிட்டு நன்றி வாங்கிக்கொள்கிற வீட்டில், சொந்தப் பொருள் காணவில்லை. "தேடலாமா அண்ணி" என்று கேட்டேன். "யாராவது சின்னப் பிள்ள எடுத்துட்டுப் போயிருக்கும். விளையாடட்டும் விடு" என்றாள். எதிர்வீட்டுப் பூனை காணாமல் போனதற்கு மூன்று தெருவைச் சல்லடை போட்டுச் சலித்தவள், இதை மட்டும் குடையவில்லை. அவன் அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு திறந்து உட்காரவே இல்லை.

*

சில மாதங்கள் கழித்து மாடல் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. வருஷாந்தரக் கண்காட்சி, அண்ணன் நினைவாகக் குடும்பத்தார் வந்தால் மகிழ்ச்சி என்று.

"போகணுமா?" என்றேன்.

"போகலைன்னா நல்லா இருக்காது. போய் ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம். நீ மட்டும் யார் வேலையையும் பார்த்து, டூத் பிரஷ்னு சொல்லித் தொலைக்காதே."

மண்டபத்தில் வெள்ளைத் துணி விரித்த நீள மேஜைகள். அவற்றின் மேல் விமானம், ரயில், டாங்கி, கப்பல். எல்லாம் உள்ளங்கையில் அடங்கும், எல்லாவற்றுக்கும் வயதாகியிருந்தது. மனிதர்கள் வயதை மறைக்கச் சாயம் பூசிக்கொள்கிறார்கள், இங்கே வயதை வரவழைக்கச் சாயம் பூசுகிறார்கள் என்று அண்ணியின் காதில் சொன்னேன். "இது உங்க அண்ணன் சொன்ன ஜோக்கு. சொந்தமா ஒண்ணு சொல்லு" என்றாள்.

சொந்தமாகச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. நடு மேஜையைப் பார்த்துவிட்டேன்.

"அண்ணி, அது நம்ம வீட்டுப் படகு."

"எது?"

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள மெடல் மாட்டிக்கிட்டு நிக்குதே, அது."

அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள். "கத்தாதே."

"கத்தலையே."

"கத்தப் போறே. மூஞ்சில எழுதியிருக்கு."

படகின் கீழே முதல் பரிசு என்று ஓர் அட்டை. அதில் இருந்த பெயர் வார்னிஷுடையது. அண்ணன்தான் அவனுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தான். சங்கத்திலேயே நன்றாகப் பேசுகிறவன். எது பேசினாலும் மேலே ஒரு பளபளப்பு இருக்கும், தொட்டால் வழுக்கும். கெட்டிக்காரனும்கூட. மரத்தை வரைவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அண்ணனே சொல்லியிருக்கிறான். எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்து, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவன்.

"அக்கா, வந்தீங்களா" என்று ஓடிவந்தான். "அவர் இருந்திருந்தா முதல்ல அவர்கிட்டதான் காட்டியிருப்பேன்."

"நீங்க காட்டாமலே அவருக்கு அடையாளம் தெரிஞ்சிருக்கும்" என்றேன். அண்ணி என் காலை மிதித்தாள்.

அந்த நேரம் சங்கத் தலைவர் வந்து சேர்ந்தார். நிஜக் கப்பல்களில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார், தரை எந்த நேரமும் ஆடலாம் என்ற சந்தேகத்தோடு. "பார்த்தீங்களாம்மா படகை? இந்த வருஷம் ஒரு விசேஷம் இருக்கு. பரிசு வாங்கின படகைத் துறைமுக ஆபீஸ் முன் ஹாலில் நிரந்தரமா வைக்கப் போறாங்க. கீழே பித்தளைத் தகடு, செஞ்சவர் பேரோட. பேர் வெட்டறவர் சாயங்காலம் வந்துடுவார்."

 அண்ணி கைப்பையின் வாரை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்ததை நான் பார்த்தேன். அண்ணன் வாழ்நாளில் எந்தப் போட்டிக்கும் படகு அனுப்பியதில்லை. "இன்னும் முடியல" என்பதுதான் அவன் எப்போதும் சொல்கிற காரணம். முடியும் தறுவாயில் இருந்தது இது ஒன்றுதான். சாயங்காலம் பித்தளையில் பெயர் விழுந்துவிட்டால், கப்பல் வந்து போகிற காலம் வரைக்கும் அது வார்னிஷின் படகு.

"நம்மளுதுன்னு சொல்லிடலாமே" என்று முணுமுணுத்தேன்.

"சொல்லிட்டு? இதே பெட்டி கடைல யாருக்கும் கிடைக்கும். போட்டோ இருக்கா உங்கிட்ட?"

இல்லை. பாதி வேலையில் அண்ணன் போட்டோ எடுக்க விடமாட்டான். பாதி ஷேவிங்ல இருக்கறவனை யாராவது போட்டோ பிடிப்பாங்களா என்பான்.

அண்ணி தலைவரிடம் திரும்பினாள். "முழு மார்க்கா சார்?"

"ஒரு மார்க் குறைச்சேன். நான் கடல்ல கிடந்தவன், என் கண்ணுக்கு உறுத்திச்சு. இந்தப் பக்கம் பாருங்க, துரு வழிஞ்ச கோடெல்லாம் நேரா இறங்காம லேசா முன்பக்கமா சாயுது."

"அது வேணும்னே பண்ணினது சார்" என்றான் வார்னிஷ், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். "முன்பக்கத் தொட்டியில தண்ணி ஏறின படகு. மூக்கு தாழ்ந்து நிக்கும். அப்போ துரு மூக்குப் பக்கமாத்தானே வழியும்?"

தலைவர் முகம் மலர்ந்துபோனது. "அட, முன்னாடியே சொல்லியிருந்தா அந்த ஒரு மார்க்கையும் போட்டிருப்பேனே தம்பி."

அண்ணி மெதுவாக மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும், ஒன்றும் இல்லாவிட்டால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

"வண்டியை எடு" என்றாள்.

*

வண்டி நிறுத்தத்தில் ஸ்கூட்டர் சீட்டின் மேல் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்தாள். "இதுதான் படகு. இந்த முனைதான் மூக்கு. மூக்கு தாழ்ந்தா துரு எந்தப் பக்கம் வழியும்?"

"மூக்குப் பக்கம். அதான் அவனே சொன்னானே."

"இந்தப் பக்கம் பார்த்தாலும்?"

"இந்தப் பக்கம் மூக்கு."

"அந்தப் பக்கம் பார்த்தாலும்?"

"அந்தப் பக்கமும் மூக்குதான். படகு ஒண்ணுதானே அண்ணி."

"அங்க அப்படி இல்ல. ஒரு பக்கம் மூக்கைப் பார்த்து வழியுது. மறுபக்கம் வாலைப் பார்த்து வழியுது."

நான் யோசித்தேன். யோசிக்கும்போது வாயைத் திறந்து வைத்துக்கொள்வேன் என்று அண்ணன் கேலி செய்வான். "அப்போ படகு ஒரே நேரத்துல முன்னாடியும் பின்னாடியும் முழுகுதா?"

"இல்லடி. படகு ஒழுங்காத்தான் நிக்குது. மேஜைதான் சாஞ்சிருக்கு." கூட்டை எடுத்துத் திருப்பி வைத்தாள். "இடது பக்கம் தாழ்ந்த மேஜைல வெச்சு ஒரு பக்கம் சொட்டு விட்டா, எல்லாம் இடது பக்கம் வழியும். அப்புறம் படகைத் திருப்பி வெச்சு மறுபக்கம் விட்டா, அதுவும் இடது பக்கம்தான் வழியும். படகுதான் திரும்பும். மேஜை திரும்பாது."

எங்கள் வீட்டு மேஜை இடது பக்கம் தாழ்ந்தது. எங்களோடு இருந்த நாய், குட்டியாக இருந்தபோது, இடதுபக்கக் கால்கள் இரண்டின் அடியையும் கடித்துத் தின்றுவிட்டது. அண்ணன் அதைச் சரி செய்யவே இல்லை. பென்சில் உருண்டு விழாமல் இடது ஓரத்தில் ஒரு சட்டம் அடித்தான், அவ்வளவுதான். "இடது பக்கம் ஓடினா என் வலது கைச் சட்டை தப்பிக்குது" என்பான்.

"தலைவரைக் கூட்டிட்டு வந்து மேஜையைக் காட்டிடலாம்" என்றேன்.

"முதல்ல நாம பார்க்கலாம்."

*

அண்ணி கதவைத் திறந்தாள். அறை மூடிக்கிடந்த வாடை, அதற்குள்ளே சாய வாடை. அவள் நின்றது கொஞ்ச நேரம்தான். பிறகு ஒரு பென்சிலை எடுத்து மேஜையின் நடுவில் வைத்தாள்.

பென்சில் அசையவில்லை.

தட்டிவிட்டாள். ஓரடி உருண்டு நின்றது. திருப்பி வைத்தாள். அதே கதை.

"மேஜை கட்சி மாறிடுச்சு அண்ணி" என்றேன். சிரிப்பு வராத குரலில்.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அது அண்ணனின் நாற்காலி. வழக்குகளில் எத்தனையோ முட்டுச்சந்துகளைப் பார்த்தவள். இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "நேரா இருக்கிற மேஜையைக் காட்டி என்னத்தைச் சொல்றது" என்றாள்.

நான் மேஜைக்கடியில் தவழ்ந்தேன். "கால் நல்லாத்தானே இருக்கு. முழுசா இருக்கு."

"முழுசா இருக்கா?"

"ரெண்டும் முழுசா இருக்கு. அழகா இருக்கு."

"நாய் கடிச்ச இடம் எங்கே?"

தலையை மேஜையில் முட்டிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தேன். பல் பதிந்த இடமே இல்லை. மரக்கால் தரை வரைக்கும் இறங்கியிருந்தது, ரேகையோடு, கீறலோடு, அடியில் வருஷக்கணக்காகத் துடைப்பம் பட்ட அழுக்கோடு.

"வளர்ந்துடுச்சு" என்றேன். "ஹேர் ஸ்ப்ரே வேர்ல இறங்கிடுச்சு போல."

அண்ணி என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். காலின் அடியை நகத்தால் தட்டினாள். மேலே தட்டினால் டொக் என்றது. அடியில் தட்டினால் டிக் என்றது. மேஜையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். அடித்துண்டு அவள் கையோடு வந்தது. பிளாஸ்டிக். கடிபட்ட இடத்துக்கு அளவெடுத்துச் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மரமாகவே வரையப்பட்ட பிளாஸ்டிக். இன்னொரு காலிலும் ஒன்று. பார்த்துவிட்டு இரண்டையும் திரும்பப் பொருத்தி, மேஜையை இறக்கச் சொன்னாள்.

"ரெண்டு தடவை வந்தான்" என்றாள் அண்ணி.

எனக்கும் ஞாபகம் வந்தது. எல்லாம் ஓய்ந்து சில வாரங்கள் கழித்து வார்னிஷ் வந்தான். அவர் அறையில் கொஞ்ச நேரம் தனியா உட்கார்ந்துட்டுப் போறேன் அக்கா என்றான். அதற்காகத்தான் கதவைத் திறந்தோம். அடுத்த வாரமும் வந்தான், அதே மாதிரி உட்கார்ந்தான். எவ்வளவு பாசம் பாருங்க என்று நான் காபி போட்டுக் கொடுத்தேன். நல்ல டிகாக்‌ஷனில்.

"முதல் தடவை அளவு, ரெண்டாம் தடவை கால்" என்றேன். "எடுத்துட்டா மேஜை பழையபடி சாஞ்சிடும்ல. போய்க் கூட்டிட்டு வரேன்."

"சாஞ்சா? நாமளே இப்பத்தான் சாய்ச்சோம்னு சொல்வான். எவ்வளவு சாஞ்சிருந்ததுன்னு கேட்பான். அன்னிக்கு எப்படி இருந்ததுன்னு சொல்ல யாரு இருக்கா?"

யாரும் இல்லைதான். அறையைச் சுற்றிப் பார்த்தேன். பென்சில் கரி, தூரிகைகள், பஞ்சுத் துண்டு. மேஜை மேல் குப்பி, பக்கத்தில் அதன் மூடி. அண்ணன் மூடாதே என்றான், நாங்கள் மூடவில்லை. உள்ளே சாயம் கட்டியாகக் காய்ந்து போயிருந்தது.

"இது ஒண்ணுதான் இன்னும் சாஞ்சுக்கிட்டு இருக்கு" என்றேன், வாய்க்கு வந்ததை.

அண்ணி திரும்பினாள். "எது?"

நேரான மேஜையில் நேராக நின்ற குப்பி. அதற்குள் சாயத்தின் மேல்மட்டம் மட்டும் நேராக இல்லை. அன்று தாழ்ந்திருந்த இடது பக்கம் ஒதுங்கி ஏறி, வலது பக்கம் இறங்கி, அப்படியே உறைந்திருந்தது.

அண்ணி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எப்பவாவது ஒரு தடவை உன் வாயால உபகாரமும் நடக்குது நாத்தனாரே" என்றாள்.

குப்பியின் அடி வழிந்த சாயத்தில் மேஜையோடு ஒட்டியிருந்தது. சமையல் கத்தியால் மெல்ல நெம்பி எடுத்தோம். மரத்தில் ஒரு துரு நிற வட்டம் மிச்சமாக நின்றது. கால்துண்டுகள் இரண்டையும் கழற்றி அண்ணி கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

*

மண்டபத்தில் கூட்டம் குறைந்திருந்தது. பேர் வெட்டுகிறவர் வந்து, பித்தளைத் தகட்டைத் துணியில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு, கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணி நேராகத் தலைவரிடம் போனாள். "சார், இந்தத் துருக் கோடுகளைப் பார்த்ததும் இது எங்க வீட்டு மேஜைல வெச்சுப் பண்ணினதோன்னு எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. எங்க மேஜை இடது பக்கம் சாயும். ஆனா போய்ப் பார்த்தேன். நேராத்தான் இருக்கு."

வார்னிஷ் சற்றே தயங்கினான். பிறகு பளபளப்பு திரும்பி வந்தது. "பரவாயில்லக்கா. மனசு சரியில்லாத நேரத்துல அப்படித் தோணும். அந்த மேஜை எப்பவும் நேராத்தான் இருந்தது. நானே எத்தனை தடவை அங்க உக்காந்து வேலை பார்த்திருக்கேன்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"நல்லதாப் போச்சு" என்று அண்ணி கைப்பையைத் திறந்தாள். முதலில் மரக்கால் துண்டை எடுத்துத் தலைவர் கையில் கொடுத்தாள். "சார், இது என்ன மரம்னு சொல்லுங்க."

தலைவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். நகத்தால் சுரண்டினார். "மரமே இல்லையேம்மா. பிளாஸ்டிக்." அவர் குரல் மாறியது. "ஆனா என்ன வேலை இது. இந்த ரேகையைப் பாருங்க. அடியில துடைப்பம் பட்ட அழுக்கைக்கூட விடலையே. யாரு பண்ணினது? இதை ஏன் போட்டிக்குக் கொண்டு வரல?"

 பாராட்டுக்குப் பதில் சொல்லாத வார்னிஷை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மேஜைக் காலுக்கு முட்டுக்கொடுக்க வேறு யாராக இருந்தாலும் ஓர் அட்டையை மடித்து வைத்திருப்பார்கள். நாங்கள் பார்த்ததும் எடுத்துக் குப்பையில் போட்டிருப்போம், சாட்சியும் போயிருக்கும். இவன் மாடல்காரன். கண்ணில் படாத இடத்துக்கும் கீறல் போட்டு, அழுக்கு ஏற்றி, வயதாக்கினால்தான் இவனுக்குத் தூக்கம் வரும்.

"இது என் மேஜைக் காலடியில இருந்தது" என்றாள் அண்ணி. "இப்ப இதைப் பாருங்க." குப்பியை எடுத்து வைத்தாள். அண்ணன் கடைக்குக் கிளம்பும்போது திறந்து வைத்துவிட்டுப் போனது என்று சொன்னாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாழ்நாள் முழுதும் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தே பிழைத்த மனிதர் அவர். படகை மூடியிருந்த கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். குப்பியைப் படகின் முன்னால் வைத்து, சாயத்தின் சரிவு பக்கவாட்டில் தெரியும்படி, ஏறிய பக்கம் இடதாக வரும்படித் திருப்பினார். சட்டைப்பையிலிருந்து மதிப்பெண் அட்டையை எடுத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அட்டையின் மேல் விளிம்பைக் குப்பியில் காய்ந்த சாய மட்டத்தோடு சேர்த்துப் பிடித்தார். பக்க விளிம்பு படகின் மேல் விழுந்தது.

துருக் கோடு ஒன்று அந்த விளிம்போடு ஒட்டிக்கொண்டு இறங்கியது. அடுத்த கோடும். அதற்கடுத்ததும்.

"இதுவரைக்கும் சரி" என்றார், தனக்குள்ளே. குப்பியை அசைக்காமல் படகை மட்டும் திருப்பினார். மறுபக்கம். அட்டையைப் பிடித்தார்.

பொருந்தியது.

அவர் நிமிர்ந்தபோது கைகள் முதுகுக்குப் பின்னால் போகவில்லை. "தம்பி, மூக்கு தாழ்ந்த படகுன்னு சொன்னீங்களே."

வார்னிஷ் படகைப் பார்த்தபடி நின்றான். பேசியபோது குரலில் பூச்சு இல்லை. "முடிக்காம கிடந்துச்சு சார். புகைபோக்கி மட்டும்தான் பாக்கி. அத்தனை கூட்டத்துல யாராவது தட்டிவிட்டுடுவாங்கன்னு பயமா இருந்துச்சு. முடிச்சு, அக்கா கையில கொடுத்துடலாம்னுதான் எடுத்தேன். சத்தியமா. முடிச்சதும் வீட்டுக்கு வந்தவங்க பார்த்தாங்க. உன்னோடதா, உன்னோடதான்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கல, அவ்வளவுதான்."

"வாயைத் திறக்காம இருந்திருந்தா மன்னிச்சிருப்பேன்" என்றாள் அண்ணி. "அவர் மேஜைக் கால்ல கை வெச்சீங்க பாருங்க."



தலைவர் பேர் வெட்டுகிறவரைக் கூப்பிட்டார். அண்ணன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். உளி பித்தளையில் இறங்குகிற சத்தம் மண்டபத்தின் கடைசி நாற்காலி வரை கேட்டது. அண்ணி அதைக் கடைசி எழுத்து வரைக்கும் நின்று கேட்டாள்.

"அந்தப் புகைபோக்கியைச் சுரண்டிட்டு, வேற யாரையாவது விட்டுப் பண்ணச் சொல்லட்டுமாம்மா?" என்று தலைவர் கேட்டார்.

அண்ணி குனிந்து புகைபோக்கியைப் பார்த்தாள். அதில் மட்டும் துருக் கோடுகள் நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியிருந்தன. "வேண்டாம் சார். நல்லா வந்திருக்கு. அவர் இருந்திருந்தா ஒரே ஒரு குறைதான் சொல்லியிருப்பார். கோடு சாயலையேன்னு."

வார்னிஷ் தலை நிமிர்ந்தான். அவள் மரக்கால் துண்டுகள் இரண்டையும் அவன் கையில் வைத்தாள். "இது உங்க சொந்த வேலை. அடுத்த வருஷம் இதை வைங்க. மெடல் கிடைக்கும்."

வண்டியில் வரும்போது நான் கேட்டேன், "நிஜமாவே அது நல்லா இருக்கா அண்ணி, இல்ல சும்மா குத்தினீங்களா?"

"ரெண்டும்தான். ரோட்டைப் பாரு."

*

வீட்டுக்கு வந்து அறை விளக்கைப் போட்டோம். கால்துண்டு இல்லாத மேஜை பழையபடி இடது பக்கம் இறங்கி நின்றது. மேலே கிடந்த பென்சில் எங்களைக் கேட்காமலே உருண்டு போய், ஓரச் சட்டத்தில் முட்டி நின்றிருந்தது.

அண்ணி கைப்பையிலிருந்து குப்பியை எடுத்தாள். மரத்திலிருந்த துரு நிற வட்டத்தைத் தேடி, அதன்மேல் சரியாகப் பொருத்தி வைத்தாள். கொஞ்சம் திருப்பினாள். உள்ளே இருந்த சாயம் அசையாத குளம் மாதிரி மட்டமாக நின்றது.

பக்கத்தில் மூடி கிடந்தது. அதை எடுத்து விரல்களுக்கிடையில் ஒரு தடவை சுழற்றினாள். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு எத்தனையோ வழக்குகள் வந்து போய்விட்டன. அந்தக் குப்பி இன்னும் திறந்துதான் இருக்கிறது.